மேல்வரிசைப் பல்லுக்கு யார் பொறுப்பு

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்ன மகராசன் வீட்டில் ஊரார் பிள்ளை ஒன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஒரு நாள் இருந்திருந்தால், பழமொழியைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பான். இது அத்தையின் கருத்து.

அத்தை என்றால் யாருக்கும் சொந்த அத்தை இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள். குழந்தைகள் அத்தை என்பார்கள், பெற்றவர்கள் அக்கா என்பார்கள், சம்பளம் தாமதமாகிற மாதங்களில் வாய்க்கு வாய் அக்கா என்பார்கள். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் டிவி ரிமோட், சுவர்க் கடிகாரம், புருஷனின் மூக்குக்கண்ணாடி எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கும் அவள் யாரிடமும் காசு கேட்டதில்லை. குழந்தை என்றால் உடைக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். இந்தத் தடவை கடிக்கிறதற்குப் பல்லே இல்லை. அவளுடைய மேல்வரிசைப் பல் செட்டை வாண்டு ஜன்னல் வழியாக வீசிவிட்டான்.

வாண்டுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. அப்பா தூரத்து லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு ஒரு தரம் வந்து பிள்ளைக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு போவார். பையன் வந்த புதிதில் ஒரு பருக்கை உள்ளே போகாது. அம்மா டப்பாவில் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பிப் போகும். கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்தாயிற்று. ஒரு மத்தியானம் பொறுமை போய் "ஆ காட்டுடா!" என்று அத்தை ஒரு சத்தம் போட்டாள். போட்ட வேகத்தில் பல் செட் நழுவி மடியில் விழுந்தது. வாண்டு பயந்துபோய் அழுவான் என்று பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு சிரித்தான். பிளந்த வாயில் அவள் கரண்டியை வைத்தாள். அவ்வளவுதான் விஷயம்.

அன்றிலிருந்து மத்தியானமும் சாயங்காலமும் பல் செட் இடது கைக்கு வந்துவிடும். அதன் பெயர் பல்லு மாமா. பல்லு மாமா டக் டக்கென்று தட்டில் தாளம் போடுவார், எனக்குப் பசி என்பார், மாமாவுக்கு முன்னால் முந்திக்கொள்ள வாண்டு அவசரமாக வாயைத் திறப்பான். தட்டு காலியாகும்.

இதை அத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. புருஷனுக்குக்கூடத் தெரியாது. வாண்டுவின் அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள்: "எப்படிக்கா உங்ககிட்ட மட்டும் சாப்பிடறான்? வீட்ல தட்டை எடுத்தாலே அழறானே." அத்தை கையை விரித்துக் காட்டி, "எல்லாம் கைராசிம்மா" என்பாள். சாப்பிடாத பிள்ளைகளையும் சாப்பிட வைக்கிறவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது. வேறு சொத்தில்லாதவளுக்கு அந்தப் பேர்தான் சொத்து. அதைப் பல் செட் சம்பாதித்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமா என்ன?

அன்றைக்கு ஆறு மணிக்கு மற்றக் குழந்தைகள் எல்லாம் போய்விட்டார்கள். வாண்டுவின் அம்மாவும் ஆறு மணிக்கு வர வேண்டியவள்தான். ஆனால் கொஞ்ச மாதங்களாக ஏழுக்கு மேல்தான் தலை தெரிகிறது. கேட்டால், கடையில் கூட்டம் என்பாள். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் அத்தை வாயைத் திறந்து கேட்டதில்லை. வீடு அடங்கிப்போய், அவளும் அவனும் மட்டும் இருக்கிற நேரம் அது. கால் வலியோடு தரையில் உட்கார்ந்தால், அவன் வந்து அந்தக் காலின் மேலேயே ஏறி உட்காருவான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஊட்டிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. பல்லு மாமாவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடினாள். பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் வாண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "மாமா டாட்டா" என்கிறான். கீழே தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

முதுகுவலிக்கு லீவு போட்டு உள்ளறையில் படுத்திருந்த புருஷன், அவர் ஒரு பஸ் கண்டக்டர், படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய், கைக்குட்டையில் எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தார். முன்பல் இரண்டு மட்டும் முழுசாக இருந்தன.

"இதை ஒட்ட வெக்க முடியாது. புதுசுதான் கட்டணும். யார் காசு குடுக்கறது?"

அத்தை கைக்குட்டையை வாங்கி மடித்தாள்.

"ரிமோட்டுக்குக் கேக்கல, சரி. என் கண்ணாடிக்குக் கேக்கல, அதுவும் சரி. இது பல்லுடி. நான் ஓவர்டைம் பார்த்துக் கட்டின பல்லு. வாய விட்டுக் கேளு அந்தப் பொண்ணுகிட்ட."

"வாயே இப்படி இருக்கு. எதை விட்டுக் கேக்கறது?"

"நீ கேக்கறியா, நான் கேக்கட்டுமா?"

அவர் கேட்டால் பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும். முதுகுக்குத் தைலம் வாங்கி வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினாள். தானே கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள். பல்லில்லாமல் அவளால் மெல்ல முடியாது. அதுகூடப் பரவாயில்லை, பொக்கை வாயைப் பார்த்துவிட்டு எந்தத் தாய் புதிதாகக் குழந்தையை விட்டுப் போவாள்? ஆனால் கேட்டுவிட்டால், வாண்டுவின் அம்மா கோபித்துக்கொண்டு அவனைத் தெருக்கோடியில் பொம்மைப் படம் போட்டிருக்கிற காப்பகத்தில் சேர்த்துவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. பல்லா, பையனா என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்தது.

ஏழு மணிக்கு மேல் வாண்டுவின் அம்மா வந்தாள். மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே தூங்குகிறவள் மாதிரி கண்.

"என்னக்கா வாயை மூடிட்டிருக்கீங்க? பல் வலியா?"

"வலிக்கறதுக்குப் பல் வேணுமேம்மா." அத்தை கையை எடுத்தாள். "உன் பையன் என் பல் செட்டை ஜன்னல்ல போட்டுட்டான். லாரி ஏறிடுச்சு."

அவள் முதலில் வாண்டுவைப் பார்த்தாள், பிறகு கைக்குட்டையைப் பார்த்தாள்.

"அவன் கைக்கு எப்படிக்கா வந்துச்சு?"

"கழுவி வெச்சிருந்தேன். எடுத்துட்டான்." பொய் சொல்வதற்குப் பல் தேவைப்படவில்லை. "புதுசு கட்டணும்மா. என்னால இப்ப முடியாது. நீ கொஞ்சம் பாரு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கோபம் இல்லை, களைப்புத்தான். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க கடையில ஒரு பாட்டில் உடைஞ்சா, யார் தட்டி விட்டாங்கன்னு பாக்க மாட்டாங்க. அந்த நேரத்துல யார் ஷிஃப்ட்ல இருந்தாங்களோ அவங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க. போன மாசம்கூட யாரோ ஒரு கஸ்டமர் தள்ளிவிட்டதுக்கு நான் கட்டினேன். என் பையன் குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்? பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதானே."

அத்தைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவன் மூக்கைத் துடைத்து, மூத்திரத் துணியைத் துவைத்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் ஷிஃப்ட்டா?

"சரி, ஷிஃப்ட் கணக்கே பேசுவோம்" என்றாள். காற்றாக வந்தன வார்த்தைகள். "என் ஷிஃப்ட் எப்ப முடியுது? ஆறு மணிக்கு. பல்லு போனது அதுக்கு அப்புறம். ஆறு மணிக்கு மேல யார் ஷிஃப்ட்டும்மா அது?"

அத்தைக்கு ஒரு நிமிஷம் நிறைவாக இருந்தது. அடித்தோம் பார் என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என் ஷிஃப்ட்தான்க்கா" என்றாள். "கடையில கூட்டம்னு சொன்னதெல்லாம் பொய். அஞ்சரைக்கே விட்டுடறாங்க. நான் கீழ பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

"நீங்க ஊட்டி முடிக்கறதுக்கு. ஆறு மணிக்கு வந்தா அவன் பசியோட இருப்பான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நான் ஊட்டணும். என் கையைத் தட்டி விடறான்க்கா. ஒரு வாய் வாங்க மாட்டான். பட்டினியாத் தூங்கற பிள்ளையப் பாத்துக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? எனக்குத்தான் கைராசி இல்லையே. அதான் நீங்க ஊட்டட்டும்னு உக்காந்திருப்பேன். நீங்க எழுந்திரிச்சுத் தட்டு கழுவப் போறப்ப ஜன்னல்ல உங்க நிழல் தெரியும். அப்பக் கிளம்பி மேல வருவேன்."

அத்தை தன் கையைப் பார்த்தாள். கைராசி! கையை விரித்துக் காட்டிக் காட்டி, பெற்றவளைப் பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்திருக்கிறாள். அத்தை வாயை மூடிக்கொண்டு பணத்தை வாங்கியிருக்கலாம். பொறுப்பு தன்னுடையது என்று அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டுவிட்டாளே. ஆனால் வெட்கமாக இருந்தது.

"கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் நழுவி விழுந்தது, பல்லு மாமா, தட்டில் போடுகிற தாளம், பால் பொங்கியது எல்லாம். "கழுவி வெச்சிருந்தேன்னு சொன்னது பொய். நான்தான் அவன் எதிர்ல வெச்சிட்டுப் போனேன். அது விளையாட்டுச் சாமான்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இத்தனை மாசம் நான் கேட்டேனே. ஒரு வார்த்தை ஏன்க்கா சொல்லல?"

"சொல்லிட்டா நீ வேற ஏதாவது வித்தை பழகிடுவ. அப்புறம் அவனுக்கு நான் எதுக்கு?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அத்தைக்கே தெரிந்தது.

அவள் எழுந்தாள். பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணாமல் அலமாரி மேல் வைத்தாள். "பாதிக்கு வரும். ஆறு மணிக்கு மேல என் பொறுப்பு, அதுக்கு இது. எதிர்ல வெச்சதுக்கு மீதி நீங்க போட்டுக்கோங்க." வேண்டாம் என்று சொல்லத்தான் அத்தைக்கு ஆசை. ஆனால் மானத்தை மென்று தின்ன முடியாது.

தூங்கிவிட்ட வாண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். "நாளைலேருந்து ஆறு மணிக்கு வந்துடறேன்க்கா. ராத்திரிச் சாப்பாடு நான்தான் ஊட்டப் போறேன். தட்டி விட்டா விடட்டும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தா கிடக்கட்டும். என் பிள்ளை என் கையில சாப்பிடணும்."

"அதாம்மா சரி" என்றாள் அத்தை. அது சரிதான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாதித் தட்டுச் சோறு தரையில் இருந்தது. அதை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு இந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தைலப் பாட்டிலோடு புருஷன் உள்ளே வந்தார்.

"குடுத்தாளா?"

"பாதி குடுத்தா."

"பாதியாவது வந்துச்சே. மீதியை நான் பாத்துக்கறேன்." குனிய முடியாமல் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் ஏன் அழற?"

"அழல. பல்லில்லாத மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."