முந்தானை பிரேக்

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். அதைக் கேட்ட பாவத்துக்கு, ஒரு மாதமாக வீட்டில் நான் விவரம் தெரியாதவள்.

கார் என்னுடையது. செய்யாறு தொழிற்பேட்டையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. காலை ஷிப்டுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். கம்பெனி பஸ் எங்கள் ஊர் ஆரணிக்கு வருவதற்கு முன்பே நான் தொழிற்பேட்டையில் இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை நேரத்துக்கு வராவிட்டால் அந்தப் பொறுப்பு வேறு ஆளுக்கு என்று மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

என் கணவர் வேணுகோபால் பட்டுப்புடவை வியாபாரி. காரை ஓட்டுவது நான், அழகு பார்ப்பது அவர். போன வருஷம் அந்தச் சின்ன வண்டிக்குள் பெரிய இன்ஜின் ஒன்றைத் திணித்தார். பின்னால் ஒரு இறக்கை வைத்தார். கிளப்பினால் அடுத்த தெரு நாய்கூட எழுந்து உட்காரும். ஓடுவதற்கு இத்தனையும் செய்தவர், நிற்பதற்கு ஒன்றும் செய்யவில்லை. தேவிகாபுரம் ரோட்டில் ஒரு எருமைமேல் மோதாமல் நான் தப்பினேன் என்றால், அது எருமையின் நல்ல மனசு.

அன்று அழுதேன். அழுததைப் பார்த்து அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். கூட்டாளி செல்போன் கடை ஜெயச்சந்திரன். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தார்கள்.

"பின்னாடி டிரம் பிரேக்லாம் மாட்டு வண்டிக்குத்தான் மச்சான். டிஸ்க் போடு. அதுக்கு அச்சையே மாத்தணும்," என்றான் ஜெயச்சந்திரன். அவன் ஓட்டுவது ஸ்கூட்டர்.

"சிவப்புப் பெயின்ட் அடிச்சு வருமே, அது," என்றார் இவர்.

"ஏங்க, முன் பிரேக்கு தேஞ்சு கிரீச்சுன்னு கத்துது," என்றேன். "பிரேக் போட்டா வண்டி வெயிட்டு முன்னாடிதான் வந்து சாயுது. மொதல்ல அத்த மாத்துங்க."

"முன் சக்கரத்த யாரு மேகலை பாக்கறாங்க? பின்னாடி வர்றவன்தான் நம்மள பாத்துகினே வருவான். புடவைக்கு முந்தானை மாதிரி. அது தூக்கலா இருந்தா மத்தத எவன் கேக்கறான்?"

இப்படித்தான் அவர் வியாபாரமும் நடக்கிறது.

டிராக்டர் டிப்பர்களுக்கு அச்சு போட்டுப் பழகிய சின்னதுரையின் பட்டறைக்குக் கார் போயிற்று. அவர் போனில், "அண்ணே, பின் அச்சு எவ்ளோ அகலம் வேணும்?" என்று கேட்டார். இவர் ஏற்கெனவே டேப் பிடித்து அளந்து வைத்திருந்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, பெரிய இன்ஜினியர் மாதிரி ஒரு கணக்கைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கார் மினி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி வந்தது. பின் சக்கரங்கள் இரண்டும், சட்டைக்கு அடங்காத தொப்பை மாதிரி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் உட்கார்ந்தால் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு டயரில் உரசியது. ஒரு டயர் கிழிந்தே போயிருந்தது. சிவப்புப் பிரேக் மட்டும் பளபளவென்று இருந்தது.

"நீங்க சொன்ன அளவுதான் அண்ணே," என்றார் சின்னதுரை.

"கரெக்டா அளந்துதான் சொன்னேன். பக்கத்துக்கு ரெண்டு இன்ச் சேத்துக்கினேன்."

"எதுக்குங்க சேத்தீங்க?" என்றேன்.

"அச்சுன்னாரு. உள்ள இழுக்கும் இல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. தறியிலும் அச்சு உண்டு. பாவு இழையெல்லாம் அதன் பல்லுக்குள் நுழைந்துதான் வரும். நெய்யும்போது துணி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், புடவை அகலத்தைவிட அச்சைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். மனுஷன் காரை நெய்துகொண்டிருந்திருக்கிறார்.

"இது இரும்புங்க," என்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஜெயச்சந்திரன் அவசரமாகத் தன் போனைப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடியலில் அவருடைய பைக் சாவியை எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் பைக்கை ஓட்டியவள்தான் நான். "ஏய், அது என் உயிரு, பாத்துப் போ," என்று வாசல்வரை ஓடி வந்தார். உயிர் என்று அவர் சொன்னது பைக்கைத்தான்.

செய்யாறு ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் திடீரென்று குறுக்கே திரும்பியது. எருமை ஞாபகம் வந்து, உடம்பில் இருந்த பலமெல்லாம் கூட்டிப் பிரேக்கைப் பிடித்தேன். பைக் ஆணி அடித்து வைத்தது போல அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தில் புத்தம்புது டிஸ்க்.

ஓரமாக நிறுத்திப் போன் செய்தேன்.

"பைக்குக்கு முன் பிரேக்கு எப்ப மாத்தனீங்க?"

"போன மாசம். ஏன், பேஜார் பண்ணுதா?"

"முன்னாடி யாருங்க பாக்கப் போறாங்க?"

நான்தான் ஏதோ மடத்தனமாகக் கேட்டுவிட்டது போலச் சொன்னார்.

"அதுல நான்ல போறேன்."

போனை வைத்துவிட்டு ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பைக் சாவி இன்றுவரை என் கைப்பையில்தான் இருக்கிறது.