ஆறு கூப்பிடு தூரம்

வெள்ளக்கடை ஊருக்கு மேலே, மலையில் காப்பித் தோட்டத்தைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையைக் குடும்பத்தோடு நடக்க ஏற்ற பாதை என்று அறிவிப்பதற்கு, வழிநெடுகத் தூரப் பலகை வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்த அளவில் என்று அதில் இல்லை. பலகை எழுதும் வேலை எனக்கு, அளக்கும் வேலை ஐயாக்கண்ணுவுக்கு. பாதைக்கு அனுமதி கிடைத்தால் வாசலில் சீட்டுக் கொடுக்கும் வேலை அவர் மகள் மலருக்கு என்று முடிவாகியிருந்தது. அதை நம்பி அவள் சேலத்துத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஐயாக்கண்ணு மலையில் எதையும் கூப்பிடு தூரத்தில்தான் அளப்பார். அவர் நின்று கூப்பிடுவார். அவர் மனைவி சின்னத்தாயி பதில் சொல்லிக்கொண்டே முன்னால் போவார். பதில் நிற்கும் இடத்தில் ஒரு முளைக்குச்சி; அது ஒரு கூப்பிடு.

ஏறும்போது அவர், காப்பி ஆறுகிறது, வா என்று கூப்பிட்டார். மூன்று வளைவு தாண்டியும் பதில் வந்தது. இறங்கும்போது மண் வெட்டும் மம்முட்டியை எடுத்து வரச் சொல்லிக் கூப்பிட்டார். இருபது அடியில் இருந்த சின்னத்தாயிக்குக் கேட்கவில்லை. அங்கே முளை அடித்தோம். ஆக, ஏற ஐந்து கூப்பிடு, இறங்கப் பதினேழு. அப்படியே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி சந்திரசேகர் மனைவி நந்தினியோடும் மகள் கீர்த்திகாவோடும் சோதனைக்கு வந்தார். பலகையைப் படித்துவிட்டு, குடும்பப் பாதை மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அது எத்தனை கூப்பிடு என்று கேட்டார். ஆறு என்றார் ஐயாக்கண்ணு.

"அப்ப ஏறலாம், இறங்க அனுமதி இல்லை. ஏறின குடும்பமெல்லாம் மேலேயே இருக்கட்டும்னா எப்படி? ரத்து பண்ணிடறேன்."

எங்களோடு நின்ற மலரின் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஏனுங்க சார், உங்க ஊட்டாளுங்கள வெச்சு ஒருக்கா அளந்து பாருங்க."

அவர் மனைவியையும் மகளையும் முன்னால் நடக்கவிட்டு, தண்ணீர் பாட்டிலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார். பத்தடியில் இருவருக்கும் கேட்கவில்லை. முளை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி முளை. வாசல் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஏழு முளை ஆகிவிட்டது.

நந்தினி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சட்டப்படி நம்ம இங்க நிக்கவே கூடாதுங்க. நீங்களே திரும்பிடுங்க, நாங்க போய்ட்டு வர்றோம்."

தாயும் மகளும் போய் வளைவில் மறைந்தார்கள். அதிகாரி ரத்து உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்தார். மலர் பக்கத்தில் நின்று, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"ஏரிக்கரையில மொளகா பஜ்ஜி இப்பத்தான் போட்டாங்களாமுங்க. நொம்ப சூடாம்."

"எங்கேப்பா?" என்று மூன்றாவது வளைவுக்கு அப்பாலிருந்து கீர்த்திகா கேட்டாள். "ரெண்டு பிளேட் சொல்லிடுங்க," என்றார் நந்தினி, இன்னும் தள்ளியிருந்து.

அதிகாரி பேனாவை மூடவில்லை; வேறு உத்தரவு எழுதினார். ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலில் அளந்து, ஆறு கூப்பிடு தூரத்துக்குள் இருந்தால் மட்டும் உள்ளே விட வேண்டும். அளக்க நிரந்தரமாக ஒரு ஆள். அது மலர்.

விவரம் தெரிந்த குடும்பங்கள் இப்போது பஜ்ஜிப் பொட்டலத்தோடு வருகின்றன. ஐயாக்கண்ணுவும் சின்னத்தாயியும் இதே வழியாகத்தான் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும்; அவர்களுக்கும் ஆறு கூப்பிடுதான். இறங்கும்போது அவர் மம்முட்டியைத் தானே தூக்கிக்கொள்கிறார்.