வாசலில் நின்றவன்

எங்கள் போர்ட்லாரிக் கிராமத்தில் ஆடம் டல்லக் என்றொரு கல்தச்சன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோடு கைகலந்து பாதியில் வெளியேறியவன். அதற்குப் பிறகு அவன் படித்ததெல்லாம் தானாகப் படித்தது. கடற்கரைக் குவாரியில் சிவப்புப் பாறையைப் பிளக்கும்போது உள்ளே மீன்கள் படிந்திருப்பதைக் கண்டான். உடம்பெல்லாம் ஓடு போர்த்திய, இன்று எந்த வலையிலும் விழாத மீன்கள். அவற்றை வரைந்து எழுதி அனுப்பினான். தலைநகர் எடின்பரோவின் பெரிய படிப்பாளிகள் அவனுக்குப் பதில் போட்டார்கள்.

பனிக்காலத்தில் கல்வேலை நின்றுவிடும். அப்போது வீடு வீடாகப் போய்ப் பழங்கதை கேட்டு எழுதிக்கொள்வான். அப்படித்தான் ஒருநாள் இசபெல் வீட்டுக்கு வந்தான்.

இசபெலின் கணவன் ஃபின்லே ஆடமின் பால்ய சிநேகிதன். நான்கு வருஷத்துக்கு முன் அக்டோபர்ப் புயலில் கடலில் போனவன். கூடப் போன இரண்டு பேரின் உடல் கரை ஒதுங்கியது, அவனுடையது ஒதுங்கவில்லை. இடுகாட்டில் ஒரு கல்லாவது நடலாம், நானே பெயர் வெட்டித் தருகிறேன் என்று ஆடம் முன்பே கேட்டிருந்தான்.

"பேரை வெட்டிட்டா செத்தவன்னு ஆயிடும் ஆடம். வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று அவள் தூண்டில் கயிற்றில் சிப்பிச் சதையைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவன் கதை கேட்டதும் தலை நிமிராமலே ஆரம்பித்தாள்.

"எங்க அம்மா ஊர்ல ஒருத்தி இருந்தா. புருஷன் கடல்ல போன மூணாம் நாள், விளக்கேத்துற நேரம், வாசல்ல வந்து நின்னானாம். மேலெல்லாம் தண்ணி சொட்டுது. 'உள்ள வா'ன்னு இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பான். பயத்துல வாயே வரல. பார்த்துக்கிட்டே நின்னுட்டு, திரும்பிப் போயிட்டான்."

"என்ன போட்டிருந்தான்?"

"நீலச் சட்டை. ஒரு கையில மட்டும் கையுறை. இன்னொண்ண நான் அப்போ பின்னி முடிக்கல..."

'நான்' என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆடம் எழுதுவதை நிறுத்தினான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வசந்தத்தில் பத்திரிகை ஒன்றை நடத்த அவனை எடின்பரோவுக்கு அழைத்தார்கள். போனான். இரண்டு வருஷம் கழித்து அவன் புத்தகம் ஊருக்கு வந்தது. முதல் பாதி கல், மறுபாதி கதை.

மீன் உப்பிடும் கொட்டகையில் பெண்கள் எல்லோரும் கூடினோம். ஃபின்லேயின் தங்கை எஃபிதான் எங்களில் நன்றாகப் படிப்பவள்.

"கல்லுக்குள்ள மீன் எத்தனையோ காலமா கெடாம இருக்குதாம்" என்று படித்தாள்.

"உப்பில்லாமலா? அந்த ரகசியத்தை முதல்ல நமக்குச் சொல்லச் சொல்லுடி!" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது.

இசபெல் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கதையாக வந்தது. ஆற்றில் ஆளை இழுக்கும் குதிரை வந்தது, பேயை ஏமாற்றிய கொல்லன் வந்தான். வாசலில் நின்றவன் வரவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள்.

புத்தகத்தோடு அவளுக்கு ஒரு கடிதமும் வந்திருந்தது. அவளுக்கோ எழுத்து தெரியாது. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாத கடிதம் அது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எஃபியிடம் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத்து சொல்லிக்குடு."

"இந்த வயசுலயா அண்ணி? எதுக்கு, பாதிரியாராகப் போறீங்களா?"

"ஆகிட்டு உன்னைத்தான் முதல்ல திருத்தணும். சொல்லிக்குடுடி."

ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தாள். மார்ச்சில்தான் கடிதத்தைப் பிரித்தாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மூன்று நாளில் படித்தாள்.

"இசபெல், நீ சொன்னது பழங்கதை இல்லை, உன்னுடையது. அதை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இங்கே ஜன்னலைத் திறந்தால் புகைதான். நீர் வடிந்ததும் நம் கரைப் பாறை சிவப்பாக மினுங்குமே, அதைப் பார்க்க ஏங்குகிறேன். எழுதும்போது மட்டும்தான் நான் ஊரில் இருக்கிறேன்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பேனா பிடித்தாள்.

"ஆடம், யாரும் பார்க்காத மீனுக்கெல்லாம் பேர் வெச்சு எழுதியிருக்க. ஃபின்லேய ஏன் விட்ட? எழுதுறப்ப நீ ஊர்ல இருக்கேன்னா, அவனும் இருக்கட்டும். அவன் பேரு போடு. கூப்பிடாம விட்டவ நான்னும் போடு. ஊர் பேசினா பேசட்டும்."

மறு வருஷம் புத்தகம் இரண்டாம் முறை அச்சானது. மறுபடியும் கொட்டகை, மறுபடியும் எஃபி. புதிதாகச் சேர்த்த பக்கத்தில் அண்ணன் பெயரைக் கண்டதும் அவள் விரல் அங்கேயே நின்றது. ஆனாலும் முடிவு வரை படித்தாள். பிறகு புத்தகத்தை மடியிலிருந்து தள்ளினாள்.

"ஒரு வார்த்தை, அண்ணி. ஒரே ஒரு வார்த்தை."

எஃபி வெளியே போய்விட்டாள்.

பத்து நாள் அவள் அண்ணி முகத்தில் விழிக்கவில்லை. கிணற்றடியில் கண்டால் வேறு பாதையில் போனாள். பதினோராம் நாள் மத்தியானம், இசபெல் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது வந்து அடுப்பங்கரையில் நின்றாள்.

"எனக்குக் கோபம் நீங்க கூப்பிடலைன்னு இல்ல" என்றாள். "நானும் அந்த மூணு நாளும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். என்கிட்ட வரல. உங்ககிட்ட வந்தான்."

இசபெல் அடுப்பிலிருந்து கையை எடுத்தாள். எஃபி அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படி இருந்தான்? இளைச்சிருந்தானா?"

"இல்லடி. போறப்ப இருந்த மாதிரியேதான். முடி மட்டும் நெத்தியில ஒட்டியிருந்துச்சு."

"கோபமா பார்த்தானா?"

இசபெல் ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை.

"இல்ல" என்றாள். "பசிச்ச மாதிரி பார்த்தான்."