பலகையின் நுனி இடம்

எலிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி உடம்பைக் குறைத்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதுகில் தட்டிக்கொடுத்தாள். இங்கே படகில் அதே உடம்புக்குத்தான் ஏச்சு.

எக்சூமா தீவில் நாளை பாய்ப்படகுப் பந்தயம். கடைசி ஒத்திகையில் காற்று ஓங்கி அடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டுகொண்டது. சாயாமல் பிடிப்பதற்காகத்தான் காற்று வரும் பக்கம் ஒரு நீளப் பலகையைக் கடலுக்கு மேலே நீட்டி, அதில் ஆட்கள் வரிசையாக உட்காருவது. நுனியில் இருப்பவன் நல்ல கனமாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நுனி எலிஷாவுடையது.

"மச்சான், நுனியில ஆள் இருக்கா, இல்ல சட்டை மட்டும் காயுதா?" என்று கேட்டான் சுக்கான் பிடித்திருந்த லெவாண்டோ. எலிஷாவின் மனைவிக்குத் தம்பி அவன்.

"உங்க அக்காவக் கேளு. அவிச்ச முட்டைக்கோஸா போட்டு என்னை இப்படி ஆக்கிட்டா."

"அக்காவா வந்து ஜெயிச்சுக் குடுக்கப் போறா?"

கரை சேர்ந்ததும் எலிஷா நேரே கடைக்குப் போய், பொரித்த சங்குக்கறியும் மக்ரோனியும் தட்டு நிறைய வாங்கி வந்தான். ஒரே சாயங்காலத்தில் பழைய உடம்பு திரும்பிவிடும் என்று நினைப்பு. இரண்டாவது வாய் வைப்பதற்குள் அவன் மனைவி வெர்னிஸ் வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சர்க்கரை ஏறிக் கண்ணு போச்சுன்னா, இந்தப் படகா வந்து உன்னைப் பாத்துக்கும்?"

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த லெவாண்டோ நிமிர்ந்து அக்காவை மேலும் கீழும் பார்த்தான். வெர்னிஸ் வாட்டசாட்டமானவள். அப்பாவின் படகிலேயே வளர்ந்தவள்.

"அக்கா, நாளைக்கு நுனியில நீ உக்காரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னிஸ் சிரிக்கவில்லை.

"காலையில எப்ப வரணும்?" என்றாள்.

எலிஷா எழுந்து போய்ப் படகுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்துவிட்டான். நாளைக்குக் காற்றே வீசாமல் போகட்டும் என்று நினைத்தான். ஊர்ப் படகுக்கே சாபம் விடுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இதில் யாரைப் போய் நொந்துகொள்வது?

வெர்னிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோபமா?"

"கோபந்தான்."

"என் மேலயா?"

"பின்ன வேற யார் மேல?"

"நீ செத்துப்போயிடக் கூடாதுன்னுதானே செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டக்கூட முடியல."

எலிஷா கொஞ்ச நேரம் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு காலையும் பலகைக்கு அடியில கோத்துக்க," என்றான் முகத்தைத் திருப்பாமல். "காத்து திடீர்னு அடங்கிட்டா யாரையும் பாத்துக்கிட்டு இருக்காத, உடனே உள்ள வந்துடு. நுனிதான் முதல்ல தண்ணிக்குள்ள போகும். கை குடுக்க நான் அங்க இருக்க மாட்டேன்."