வெட்டாத பதிவு

என் கணவன் க்ளென் இறந்த மறு மாதம், அவன் கச்சேரி ஒன்றையும் தவறவிடாத லின்டனும் ட்ரெவரும் டனீடின் நகரில் என் சமையலறையில் சண்டை போட்டார்கள். மதுக்கூடத்தில் க்ளென் கடைசியாகப் பாடியதை ட்ரெவர் ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான்.

"அவன் இசைத்தட்டு அத்தனையும் காசு குடுத்து வாங்கினவன் நான். நீ ஊருக்கே சும்மா வாரி விடுற. ஷோனாவுக்கு என்ன மிச்சம்?" என்றான் லின்டன், என்னைக் காட்டி.

"உன் அலமாரியில பூட்டி வெச்சா யாருடா கேப்பா, எலியா? நான் ஒரு காசு வாங்கல," என்றான் ட்ரெவர்.

"காசை விடுங்கப்பா," என்றேன். "மூணாவது பாட்டை மட்டும் வெட்டிடு, ட்ரெவர்."

அவன் முகம் மாறியது. கச்சேரியைப் பதிவு செய்பவர்கள் ஒரு நொடியைக்கூட வெட்டாமல்தான் கைமாற்றுவார்கள். வெட்டியதை யாரும் மதிப்பதில்லை.

"அதுதானே, ஷோனா, அன்னைக்கு உச்சம். குடிச்சிட்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி எல்லாரையும் சிரிக்க வெச்சானே."

"அவன் குடிக்கல. மூளையில இருந்த கட்டி முதல்ல வெளிய தெரிஞ்சது அப்பத்தான். அடுத்த வரி வராம பயந்துபோய், கூட்டத்துல என்னைத் தேடிட்டிருந்தான்."

ட்ரெவர் கைபேசியை எடுத்து, பதிவு முழுவதையும் இணையத்திலிருந்து நீக்கினான். "ஏற்கெனவே இறக்கி எடுத்தவங்களை என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றான்.

லின்டன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டயும் இருக்கா?" என்று கேட்டேன்.

ஆமென்று தலையசைத்தான். அழித்துவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை.