எல்லா வயதினருக்கும் ஏற்ற உலகம்

லோர்னா ஹாஸ்கெட் ஒரு நாவலில் வாந்தி எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு. நான்காவதை வாந்தியில் சேர்ப்பதா, வெறும் குமட்டல்தானா என்று யோசித்தபோது அவளுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக உலக இலக்கியம் நடத்துகிறாள். இந்த ஆண்டு துணை முதல்வர் டன்ஃபீ புது உத்தரவு போட்டிருந்தார். பள்ளிப் பேருந்துகள் எப்படி வரிசையாக நிற்க வேண்டும் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். டாக்டர் என்று சேர்த்துக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. உலக இலக்கிய வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டுமாம். ஒவ்வொரு புத்தகத்திலும் மனதைப் புண்படுத்தக்கூடியது எது, எந்தப் பக்கம் என்ற பட்டியலோடு. ஐந்து பெற்றோர் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டால் புத்தகம் கிடங்குக்குப் போய்விடும். பிறகு அதில் இருப்பதை ஆசிரியர் வாயால் சொன்னாலும் வேலை போய்விடும்.

மற்ற புத்தகங்கள் போனால் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. இந்த ஒன்று மட்டும் போகக்கூடாது. சிப்பாய்கள் சுட்டுப் போட்ட மகனை ஆற்றுக்குத் தூக்கிப்போய்த் தானே குளிப்பாட்டும் ஒரு தாயின் கதை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் சத்தமாகப் படிப்பாள். சூயிங்கம் மெல்லுகிற வாய்கள் அங்கே வந்ததும் நின்றுவிடும். இப்போது அதே பக்கத்துக்கு நேரே தன் கையாலேயே எழுதினாள்: பிணம், நிர்வாணம், ரத்தம், கடவுளைத் திட்டுதல். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

பக்கத்து வகுப்பு ப்ரூயிட், தன் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார்.

"நிஜமாவே ஒண்ணும் இல்லையா?" என்று அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"படிச்சாத்தானே லோர்னா தெரியும்?"

பெற்றோர் கூட்டத்தில் டன்ஃபீ, பிள்ளைகளுக்கு உலகத்தின் கதவையே திறந்து விடுவதாக இருபது நிமிடம் பேசினார். பேச்சு முடிந்ததும், மறுப்புப் படிவங்கள் காபிக்குப் பக்கத்தில் இருப்பதாக அறிவித்தார். நான்கு படிவம் சேர்ந்துவிட்டது. ஐந்தாவதைக் கொண்டுவந்தவர் டிராக்டர் விற்கும் டேரல் லிண்ட்வால். விரலெல்லாம் எலுமிச்சைக் கேக்கின் சர்க்கரைத் தூள். பின்னால் அவர் மகள் மார்னி, யாரோ வேறு வீட்டுப் பெண் மாதிரி நின்றாள்.

"நாவலைப் படிச்சுப் பார்த்தீங்களா, மிஸ்டர் லிண்ட்வால்?"

"நான் எதுக்குப் படிக்கணும்? அசிங்கத்தை மட்டும் பொறுக்கி நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே. ரொம்ப உபகாரம், டீச்சர்."

"அதுல முந்நூறு பக்கம் இருக்கு. நான் எழுதினது ஒரு பக்கம்."

"அந்த ஒண்ணுக்கே வயித்தைக் கலக்குது. மீதி வேறயா?"

டன்ஃபீ அவள் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா லோர்னா, வெளிப்படைத்தன்மை ஜெயிச்சிடுச்சு."

"ஜெயிச்சிடுச்சு, டன்ஃபீ."

அவருக்குக் காது கேட்கவில்லை.

ப்ரூயிட்டின் புத்தகங்கள் ஒன்றுகூடப் போகவில்லை. அவற்றில் ஒன்றில் மனிதனை மனிதன் தின்கிறான்.

அக்டோபரில் மாற்றுப் புத்தகம் வந்தது. பாதுகாப்பான பகுதிகளாகப் பார்த்துத் தொகுத்தது. அட்டையில் பல நிறத்துக் குழந்தைகள் கைகோத்துச் சிரித்தார்கள். அதற்கு மேல் 'எல்லா வயதினருக்கும் ஏற்ற உலகம்'. புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அவளுடைய நாவலிலிருந்து இரண்டு பத்தி. சிப்பாய்கள் இல்லை, கடவுள் இல்லை, மகனும் இல்லை. தாய் மட்டும் ஆற்றில் இறங்கி எதையோ கழுவிக்கொண்டு அழுதாள். கீழே முதல் கேள்வி: இப்பகுதி மக்கள் துணி துவைக்கும் முறையை உங்கள் வீட்டு முறையோடு ஒப்பிடுக.

வகுப்பு எழுத ஆரம்பித்தது. மீதிக் கேள்வித்தாள்களை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள் லோர்னா.

"அவங்ககிட்ட வாஷிங் மெஷின் இல்ல. முடிச்சுட்டேன் மிஸ்," என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.

"நானும் அதையே காப்பியடிச்சு முடிச்சுட்டேன் மிஸ்," என்றான் பக்கத்தில் இருந்தவன். சிரிப்பு.

மார்னி கை தூக்கினாள். "மிஸ், துணிதானே துவைக்கிறாங்க? எதுக்கு இவ்ளோ அழுறாங்க?"

"கறை போகலடி!" என்றான் கடைசி வரிசைக்காரன்.

மார்னி சிரிக்கவில்லை. விரலை வரியின் மேல் வைத்திருந்தாள். "இல்ல மிஸ். 'காதுக்குப் பின்னால் மெதுவாகத் தேய்த்தாள்'னு போட்டிருக்கு. சட்டைக்கு ஏது மிஸ் காது?"

வெட்டியவர்கள் ஒரு காதை விட்டுவிட்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. மெல்லுகிற சத்தமும் இல்லை. தாழ்வாரத்துக் கோடியில் டன்ஃபீயின் காலணி கேட்டது. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று நின்று வந்தது.

லோர்னா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் கண்ணாடிச் சதுரத்தின் மேல் ஒரு கேள்வித்தாளை வைத்து, அது விழாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.