லீனாவின் ஓரப்பட்டி

தனலெட்சுமிக்கு அந்தப் போர்வையின் நடுப்பகுதியை யார் தைத்தாலும் ஒன்றுதான். ஓரம் மட்டும் தனக்கு வேண்டும் என்று இருந்தாள்.

ஜெலுத்தோங் பிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானம் தையல் வகுப்பு நடத்துகிற சித்தி ஆயிஷா என்ற மலாய்க்கார டீச்சர், மாதக் கடைசியில் மகளோடு இருக்கக் கிளந்தான் போகிறார். கேக்கெல்லாம் வேண்டாம், உங்கள் கையால் ஒரு போர்வை போதும் என்று அவரே சொல்லிவிட்டார். பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு சதுரம். சதுரத்தில் அவரவர் பேர், அவரவர் எழுத்தில். பன்னிரண்டையும் இணைத்து, பஞ்சு வைத்து, கடைசியில் நாலு பக்கமும் பட்டி பிடிக்க வேண்டும். முன்பக்கம் தைத்து, அப்படியே பின்பக்கம் மடித்து, தையல் கண்ணுக்குத் தெரியாமல் கையால் தைக்கிற பட்டி. மூலை நான்கும் கடித உறையின் மூலை மாதிரி உட்கார வேண்டும். அது கோணினால் உள்ளே என்ன பூப்போட்டிருந்தாலும் கரித்துணிதான்.

ஓரத்தைப் பற்றித் தனலெட்சுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோர ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். விரல் ஓரத்தின் மேல் ஓடும். தையல் விட்ட இடத்தில் தானே நின்றுவிடும். அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஓரம் நான் பண்றேன்."

டீச்சர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். லீனா செய்யட்டும், லீனாவின் வேலை கெமாஸ்.

கெமாஸ் என்றால் மலாயில் நேர்த்தி. அந்தச் சொல்லைத் தனலெட்சுமி தினமும் கேட்கிறவள்தான். சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும்போது அதற்கு முன்னால் ஒரு 'தாக்' ஒட்டிக்கொண்டிருக்கும். தாக் கெமாஸ். நேர்த்தியில்லை. வெறும் கெமாஸ், ஒட்டு இல்லாத முழு கெமாஸ், இதுவரை அவளுக்குக் கிடைத்ததில்லை. லீனாவுக்கு அது உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது.

லீனா ஒன்பதாம் மாடி. கிளினிக்கில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சோப்புத் தண்ணீர் படாத விரல்கள். ஊசி கோக்க நூலை நக்கக்கூட மாட்டாள்; ஒரே குத்தில் உள்ளே போய்விடும். தனலெட்சுமியின் விரல் வெடிப்பில் நூல் மாட்டி மாட்டி இழை பிரியும். அதைப் பார்த்துவிட்டு லீனா, "குடு தனம், நான் கோத்துத் தர்றேன்" என்பாள். அந்த நல்ல குணம்தான் தனலெட்சுமிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

பட்டியைக் குண்டூசி குத்திப் பார்த்த அன்று லீனா கூப்பிட்டாள்.

"தனம், இங்க வா. உன் பேரு ரொம்ப மேல ஏறி நிக்குது. பட்டி அரை இஞ்ச் உள்ள வரும் லா. எழுத்து தலையெல்லாம் உள்ள போயிடும்."

மற்றவர்கள் நடுவில் எழுதியிருந்தார்கள். தனலெட்சுமி சதுரத்தின் உச்சியில் எழுதியிருந்தாள். அவளுடைய சதுரமோ போர்வையின் மேல் வரிசை. நாற்பத்து நாலு வயதில், மகள் ஷர்மினியின் பழைய ஒன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கற்றவள் அவள். அதில் பேர் எழுதுகிற கோடு மேலேதான் இருந்தது. பேர் என்றால் மேலே.

பன்னிரண்டு பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? "போனா போகட்டும்க்கா," என்றாள். "பட்டிதானே முக்கியம்."

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் தன் பேரை எழுதி, மேல்பகுதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள். ட்-டின் புள்ளி போயிற்று. மி-யின் சுழி போயிற்று. தனலெடசும. அந்தப் புள்ளியும் சுழியும் கைக்கு வர அவளுக்கு எத்தனை மாதம் ஆனது.

"சும்மா சொல்லலாம்ல, கொஞ்சம் கீழ எறக்கி மறுபடி தைக்கிறேன்னு," என்றாள் ஷர்மினி.

"போர்வை அவ வீட்டுல இருக்கு. அவகிட்டப் போயி நிக்கச் சொல்றியா?"

"அம்மா, உங்களுக்கு லீனா ஆன்ட்டி மேல பொறாமை லா."

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

கடைசிச் சனிக்கிழமை போர்வை வந்தது. லீனா அதைப் பின்பக்கம் மேலே தெரிய மேசையில் விரித்து வைத்தாள். எல்லாரும் மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கூடத் தைக்கிற ஃபாத்தின் தன் கைப்பேசியில் மூலையை மட்டும் நாலு படம் எடுத்தாள். தனலெட்சுமி தன் பேரைத் தேடவில்லை. அது செத்துப்போனது என்று முடிவு செய்துவிட்டாள். அவள் தேடியது வேறு. விரலை ஓரத்தில் வைத்து நடத்தினாள், சலவைக்கூடத்தில் நடத்துகிற மாதிரியே.

முதல் பக்கம் ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, அங்கேயும் இல்லை. பட்டியின் ஆரம்பமும் முடிவும் சேர்கிற இடம்கூட விரலுக்கு அகப்படவில்லை. நாலாவது பக்கத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு கை நீளத்துக்குப் பட்டி அகன்று, தையல் கீழே இறங்கி, மறுபடி ஏறியிருந்தது.

"லீனாக்கா," என்றாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. "இங்க பட்டி வளைஞ்சு போச்சு பாருங்க. கெமாஸ் இல்லியே."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

லீனா ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமா தனம். கை தவறிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். தனலெட்சுமிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள் ஃபாத்தின் போர்வையைத் திருப்பிப் போட்டாள்.

பின்னால் அகன்ற இடத்தில் முன்னால் பட்டி ஒடுங்கியிருந்தது. நூல் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது என்றே சொல்லலாம். அதற்குக் கீழே, துணி மடிப்பை இடிக்காமல், ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி ஒரு சுழி. தனலெட்சுமி. ஓர் எழுத்தும் குறையவில்லை.

லீனா இப்போது மற்றவர்கள் பக்கம் திரும்பிக் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தது. தானும் பேசாமல் இருந்துவிடலாம். லீனாவின் வேலையில் ஒரு குறை என்று ஊர் ஒரு வாரம் பேசும். தனலெட்சுமி அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

"கை தவறல டீச்சர்," என்றாள் கடைசியில், யாரையோ குற்றம் சொல்கிற குரலில். "என் பேருதான் மேல ஏறிப்போச்சு. அத வெட்டாம இருக்க இவங்க பட்டிய வளைச்சிருக்காங்க."

டீச்சர் குனிந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தமிழ் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். புள்ளி வரைக்கும் போய், சுழியில் நின்றார்.

"கெமாஸ்," என்றார்.

தேநீர் விருந்து முடிந்து தனலெட்சுமியும் லீனாவும் லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். தனலெட்சுமியின் தலைக்குள் அந்தச் சொல்தான் சுற்றியது. வளைத்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதையும் அவள் கவனித்திருந்தாள். டீச்சர் எதைச் சொன்னார்? பேரையா, பட்டியையா?

"உன் பேரத்தான் சொன்னாங்க தனம்," என்றாள் லீனா, கேட்காமலே.

தனலெட்சுமி லிஃப்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதையும் இவள் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.